தவமணியின் தோல்

“அந்தப் பொம்பளை பொய் சொல்றா” என்றார் டாக்டர் வயிரவன்.

ஜெய்னம்பு மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரு?”

“தவமணின்னு என் பேஷன்ட். முப்பத்து நாலு வயசு. பார்த்தா ஈர்க்குச்சி மாதிரி இருப்பா. கொலஸ்ட்ரால் நானூத்துப் பன்னண்டு. மூணு வருஷமா எண்ணெயைக் குறை, முட்டையை விடு, மாத்திரையெல்லாம் அப்புறம்னு தலைபாடா அடிச்சுக்கறேன். விட்டுட்டேங்கறா. நம்பர் மட்டும் இறங்க மாட்டேங்குது.”

“அதனால பொய்ங்கறீங்க.”

“பின்னே? ரத்தம் பொய் சொல்லுமா?”

ஜெய்னம்பு இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

“அவங்க கையைப் பார்த்தீங்களா?”

“கையா? எதுக்கு?”

ஜெய்னம்பு மறுபடி குனிந்துகொண்டார். 

*

ஆசிரியர் ஜெய்னம்புவுக்கு முப்பத்தொன்பது வயது. மாணவர் வயிரவனுக்கு ஐம்பத்தேழு.

காரைக்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருபத்தெட்டு வருஷமாக வைத்தியம் பார்த்துவந்தார் வயிரவன். கைராசிக்காரர் என்று பெயர். ஒருநாள், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டே கேட்டார்:

“ஏன் டாக்டர், உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செஞ்சுக்கும்னு படிச்சேன். எவ்வளவு செய்யணும்னு அதுக்கு யார் சொல்றா?”

வயிரவன் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டார். வாத்தியார் திருப்தியாகப் போய்விட்டார். டாக்டருக்குத்தான் அந்தப் பதில் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. அவருக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருஷமாகத் தெரியாமலே இருந்திருக்கிறார்.

ஐந்து ஆராய்ச்சிக் கூடங்களுக்கு எழுதினார். மாணவராகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். நான்கிலிருந்து பதில் இல்லை. ஐந்தாவது, திருச்சிச் சாலையில் இருந்த ஒரு சின்னக் கூடம். அங்கே கொழுப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த கீழக்கரைக்காரர் ஜெய்னம்பு ஒரே வரியில் பதில் எழுதினார்:

செவ்வாய், வியாழன், சனி. காலை எட்டு மணி.

முதல் மூன்று மாதம் வயிரவனுக்கு ஒரே வேலை. கண்ணாடித் தட்டுகளில் வளரும் செல்களுக்குச் சாப்பாடு மாற்றுவது. பழைய இளஞ்சிவப்பு நீரை உறிஞ்சி எடுக்க வேண்டும், புதியதை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். அவர் உள்ளே நுழைந்தால் இருபது பேர் எழுந்து நிற்கிற கிளினிக் ஒருபக்கம். இங்கே, அவர் கைபட்ட பதினொரு தட்டுகளில் பூஞ்சை பூத்தது.

ஜெய்னம்பு எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டார்.

“மறுபடி” என்றார்.

வயிரவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் காரில் ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே புகாரோடு வந்து நின்றார்.

“கையைப் பத்திக் கேட்டீங்களே மேடம், எதுக்குன்னு சொல்லலையே?”

“பார்த்தீங்களா?”

“இன்னும் இல்ல.”

“பார்க்காதவர்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்ல.”

“கையைப் பார்த்து என்ன ஆகப்போகுது? வாயைத் திறந்து உண்மையைச் சொல்லணுமே! கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு.”

“அப்ப அவங்களைக் கேட்காதீங்க” என்றார் ஜெய்னம்பு. “அவங்க தோலைக் கேளுங்க.”

வயிரவன் விழித்தார்.

“முன்கையிலேருந்து மிளகளவு தோல். அவங்க மனசாரச் சம்மதிச்சா மட்டும். இங்க வெச்சு வளர்ப்போம். அது என்ன சாப்பிடுதுன்னு உங்களுக்குச் சந்தேகமே வராது. ஊட்டப்போறது நீங்கதானே.”

வயிரவனுக்கு இது பிடித்துப்போயிற்று. கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல வழி உண்டா?

“இன்னொண்ணு. உங்க தோலும் வேணும்.”

“என்னோடதா?”

“ஒப்பிட ஒரு ஆள் வேணாமா? உங்க கொலஸ்ட்ரால் எவ்வளவு?”

“நூத்தி எழுபது.”

ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கால் பாயா சாப்பிடுகிறவர் அவர். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

*

ஒன்றை மட்டும் அவர் தம் ஆசிரியரிடம் சொல்லவில்லை.

தவமணி ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவுச் சமையல்காரி. போன மாதம் கிளினிக் நிறைய ஆட்கள் இருந்தபோது ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினாள். அதைப் பார்த்ததும் டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“பள்ளிக்கூடத்து முட்டையெல்லாம் எங்க போகுதுன்னு இப்பல்ல தெரியுது!”

“நான் முட்டையைத் தொடறதே இல்ல சார். உரிக்கறதோட சரி.”

“எதிர்த்து வேற பேசறே. உனக்கு ரத்தத்துல மட்டுமில்ல, வாயிலயும் கொழுப்புதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். தவமணி சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அத்தோடு அதை மறந்தும் விட்டார்.

இப்போது ஆள் விட்டுக் கூப்பிட்டதும் வந்தாள். முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

“மறுபடி சிரிக்கறதுக்குத்தான் கூப்பிட்டீங்களோன்னு நெனச்சேன் சார்.”

“சிரிக்கவா?”

“அன்னைக்கு நீங்க சொன்னது மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு வந்திருச்சு. பிள்ளைங்க முட்டையைத் திங்கறவ நான்தானாம். டாக்டரே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாராம். இப்போ தினம் ஒரு பெத்தவங்க முக்காலி போட்டு எம் பக்கத்துல உக்காந்து, நான் முட்டை உரிக்கறதைப் பார்க்கறாங்க.”

 சங்கடம் வந்தால் மனிதர்கள் செய்வதையே வயிரவனும் செய்தார். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தோல் துணுக்கு எதற்கு, எப்படி எடுப்பார்கள், எங்கே வைத்திருப்பார்கள், வேண்டாமென்றால் வேண்டாம், எல்லாவற்றையும் சொல்லிச் சம்மதத் தாளை நீட்டினார்.

தவமணி கடைசிவரை கேட்டாள்.

“தோலை உரிச்சுப் பார்த்தாவது நம்புவீங்களா?”

அவர் பதில் சொல்வதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மரத்துப்போவதற்கான ஊசியைப் போட அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.

விரல் முட்டிகளின் மேல் மஞ்சள் சாயலில் சின்னச் சின்ன முண்டுகள் இருந்தன.

“இது என்ன?”

“ரொம்ப நாளா இருக்கு சார். கரண்டி பிடிச்சுப் பிடிச்சுக் காய்ச்சுப்போச்சுன்னு விட்டுட்டேன். குதிகாலுக்கு மேலகூட இருக்கு.”

படிக்கிற காலத்தில் இப்படி ஒரு படத்தைப் பார்த்த ஞாபகம் அவருக்கு. பரீட்சைக்குப் படித்தது. பரீட்சையோடு போனது. 

ஊசி போட்டு, மிளகளவு தோலை எடுத்து, ஒரு தையல் போட்டு முடித்தார். பிறகு தம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டார்.

*

இரண்டு துணுக்கும் இரண்டு குப்பிகளில் வளர்ந்தன. ஒன்றுக்குப் பச்சை மூடி, ஒன்றுக்கு மஞ்சள் மூடி. எது யாருடையது என்று ஜெய்னம்பு சொல்லவில்லை.

“தெரிஞ்சா உங்க கண்ணு பார்க்காது. உங்க எண்ணம்தான் பார்க்கும்.”

ஐந்து வாரம் வயிரவன் இரண்டுக்கும் ஒரே கையால், ஒரே அளவில், ஒரே நாளில் ஊட்டினார். துணுக்கின் ஓரத்திலிருந்து செல்கள் நீளநீளமாக நழுவி வெளியே வந்தன. பிறகு குப்பியின் அடி முழுக்கப் பரவின. ஒரு சனிக்கிழமை கிளினிக்கில் அவசரம் என்று கூப்பிட்டார்கள். ஊட்டிவிட்டு வருகிறேன் என்றார். யாருக்கு ஊட்டப்போகிறார் என்று நர்ஸுக்கு விளங்கவில்லை.

ஆறாவது வாரம் ஜெய்னம்பு சொன்னார்:

“இனிமே கொழுப்பே இல்லாத சாப்பாடு குடுங்க. ரெண்டுக்கும்.”

இரண்டு நாள் கழித்து, செல்கள் சொந்தமாகக் கொழுப்புச் செய்யும் வேகத்தை அளந்தார்கள். இரண்டிலும் வேகம் எகிறிப்போயிருந்தது.

“பார்த்தீங்களா!” என்றார் வயிரவன். “ஒரு சொட்டு குடுக்கல. இதுங்களா இவ்வளவு செய்யுது!”

“ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு சவ்வு இருக்கு. அதுல கொலஸ்ட்ரால் இல்லேன்னா செல்லே நிக்காது. கிடைக்கலேன்னா செஞ்சுக்கத்தானே வேணும்?”

“அப்ப இது தப்பில்லையா?”

“யாரு தப்புன்னா?”

வயிரவன் அளவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

“இப்ப கொழுப்பு குடுங்க” என்றார் ஜெய்னம்பு.

ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த கொழுப்புத் துகள்களை இரண்டு குப்பியிலும் விட்டார்கள். சாயங்காலம் அளந்தபோது பச்சை மூடி செய்வதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தது. மஞ்சள் மூடி நிறுத்தவில்லை. இன்னும் ஊற்றினார்கள். நிறுத்தவில்லை. இரண்டு மடங்குக்கும் மேல் ஊற்றிய பிறகுதான் மெல்ல அடங்கியது.

வயிரவன் மஞ்சள் மூடியை விரலால் தட்டினார்.

“இதுதான் அவ. முன்னாடி மலையாக் குவிஞ்சு கிடக்கு. அப்பவும் செய்யறதை விடல. இதுக்கு என்ன பேரு மேடம்? ஆசைதானே?”

ஜெய்னம்பு கையுறையைக் கழற்றினார்.

“டீ குடிக்கலாம், வாங்க.”

*

ஆய்வகத்துக்குள் டீ கூடாது. வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். இரண்டு டம்ளர் டீ வந்தது. ஜெய்னம்பு இன்னொரு டம்ளரில் வெறும் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“வெளிய கொழுப்பு குவிஞ்சு கிடக்குன்னு செல்லுக்கு எப்படித் தெரியும்?”

“பார்த்துத் தெரிஞ்சுக்கும்.”

“அதுக்குக் கண்ணு கிடையாது. வெளிய இருக்கிறதைப் பார்த்து அது எதையும் முடிவு பண்றதில்ல. உள்ள ஒரே ஒரு இடத்துல சோதிச்சுப் பார்க்கும்.”

“எந்த இடத்துல? கொழுப்பு நிறைய சேர்ந்திருக்கிற இடத்துலயா?”

“இல்ல. கொழுப்பைச் செய்யற இடத்துலயே. அங்கதான் ரொம்பக் கொஞ்சமா இருக்கும். செல்லுல இருக்கிற மொத்தக் கொலஸ்ட்ரால்ல நூத்துல ஒரு பங்கு இருந்தா அதிகம்.”

“செய்யற இடத்துல இல்லாம எப்படி?”

“செஞ்சது எதையும் அங்க வெச்சுக்கறதில்ல. உடனே அனுப்பிடும்.”

“சரி, சோதிக்கறதுக்கு ஏன் அந்த இடம்?”

ஜெய்னம்பு தம் டீயிலிருந்து ஒரு சொட்டை வயிரவனுடைய டீயில் விட்டார். இன்னொரு சொட்டைத் தண்ணீரில் விட்டார். டீயில் ஒன்றும் தெரியவில்லை; தண்ணீர் நிறம் மாறியது.

வயிரவன் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் டீ ஆறிப்போனது.

“குறைஞ்சா என்ன ஆகும்?” என்று கடைசியில் கேட்டார்.

“அங்க ஒரு புரதம் காத்துக்கிட்டு இருக்கு. கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருக்கிற வரைக்கும் வேற சில புரதங்க அதை நகரவிடாம பிடிச்சு வெச்சிருக்கும். குறைஞ்சா பிடி விடும். செல்லுக்குள்ளயே அடுத்த அறைக்குப் போகும். அங்க அதை ரெண்டு இடத்துல வெட்டுவாங்க. வெட்டின துண்டு நேரா செல்லோட நடுவுக்குப் போய் ரெண்டு உத்தரவு போடும்.”

“ஒண்ணு, கொழுப்பைச் செய்.”

“ஆமா.”

“இன்னொண்ணு?”

ஜெய்னம்பு எழுந்தார்.

“அதைச் சொல்ல மாட்டேன். காட்டறேன்.”

*

வியாழக்கிழமை ஜெய்னம்பு ஒளிரும் சாயம் ஏற்றிய கொழுப்புத் துகள்களைக் கொண்டுவந்தார். இரண்டு மூடிக்கும் வயிரவனே ஊற்றினார். காத்திருந்து, கழுவி, இருட்டறையில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்தார்.

முதலில் பச்சை மூடி. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆரஞ்சு நிறத்தில் புள்ளிகள் நிறைந்திருந்தன. கார்த்திகைக்கு அகல் ஏற்றிய தெருவை மேலிருந்து பார்ப்பதுபோல இருந்தது.

பிறகு மஞ்சள் மூடி.

இருட்டு. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளிகள். அவ்வளவுதான்.

வயிரவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஊத்தினது ஒரே அளவுதானே?”

“ஊத்தினது நீங்கதானே.”

“பின்ன ஏன் உள்ள போகல?”

அவர் இரண்டு மூடிகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“கதவு” என்றார் வயிரவன், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. “ரெண்டாவது உத்தரவு அதுதான். செல்லோட மேல்சவ்வுல கதவு வெக்கணும். வெளிய இருக்கிறதை உள்ள இழுத்துக்கற கதவு. இங்க... இங்க கதவு பாதிகூட இல்ல.”

அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

“சுத்திலும் அவ்வளவு இருக்கு. ஒரு வாய்தான் உள்ள போகுது. போதலேன்னு அது செஞ்சுக்கிட்டே இருக்கு. எடுத்துக்க ஆளில்லாம வெளிய தேங்கிக்கிட்டே இருக்கு. அதைப் பிடிச்சுத்தான் நான்...”

 மஞ்சள் மூடியைத் தட்டிய விரலைப் பார்த்துக்கொண்டார்.

“ஆசைன்னு சொன்னேன்” என்றார். “இது பசி மேடம்.”

*

“மருந்து இருக்கே” என்று வயிரவன் சட்டென்று எழுந்தார். பிறகு நின்றார். “ஆனா அந்த மருந்து கொழுப்பு செய்யறதைத்தானே நிறுத்தும்? ஏற்கெனவே பசியில கிடக்கு. கையில இருக்கிறதையும் பிடுங்கினா செத்துப்போயிடாதா? ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்திருக்கேன். இதை யோசிச்சதே இல்லையே!”

ஜெய்னம்பு அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தார். அதே மருந்துதான்.

“ஒரு சொட்டு விடுங்க. சனிக்கிழமை பார்ப்போம்.”

சனிக்கிழமை வயிரவன் ஏழு மணிக்கே வந்துவிட்டார்.

மஞ்சள் மூடியின் செல்கள் சாகவில்லை. மறுபடி ஒளிரும் துகள்களை ஊற்றிப் பார்த்தபோது, முன்பு பத்துப் புள்ளி இருந்த இடத்தில் இருபது இருந்தது, இருபத்தைந்து இருந்தது. செய்ய வழியில்லாமல் போனதும் செல், கதவுக்கான இரண்டு மரபணுவில் கெடாமல் மிஞ்சிய ஒன்றை வைத்துக்கொண்டு கதவு கதவாக வைத்துத் தள்ளியிருந்தது.

வயிரவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அவர் முகத்தில் சிறுபிள்ளைச் சிரிப்பு.

“வெளிய இருக்கிறது அப்படித்தான் குறையுதா!”

“இருபத்தெட்டு வருஷமா நீங்க குடுத்த மருந்துலயும் அப்படித்தான் குறைஞ்சுது.”

“திங்கக்கிழமை நான் ஒரு இடத்துக்குப் போகணும் மேடம்.”

“தெரியும்” என்றார் ஜெய்னம்பு.

எல்லாம் தெரிந்தவர், தெரியும் என்று வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

*

திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சமையலறை வாசலில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். உள்ளே தவமணி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முக்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை கதவருகே நின்றார்.

டாக்டரைப் பார்த்ததும் எல்லாரும் பரபரத்தார்கள். தவமணி மட்டும் உரிப்பதை நிறுத்தவில்லை.

கிளினிக்கில் வைத்துச் சொன்னது இங்கே வந்து சேர்ந்திருந்தது. இங்கே சொல்வதும் எங்கெல்லாம் போக வேண்டுமோ அங்கெல்லாம் போய்விடும் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். 

“இவங்க முட்டை சாப்பிடல” என்றார்.

முக்காலி அம்மா முகத்தைச் சுளித்தார்.

“நீங்கதானே சார் சொன்னதாச் சொன்னாங்க?”

“நான்தான் சொன்னேன். தெரியாம சொன்னேன். இவங்க ரத்தத்துல கொழுப்பு ஏறறது பிறவியிலேயே வந்தது. விரல் முட்டியில இருக்கிற முண்டும் அந்தக் கொழுப்புதான். பட்டினி கிடந்தாக்கூட ஏறும். மூணு வருஷமா இவங்க சொன்னது அத்தனையும் நிஜம். நான் சோதிச்சுப் பார்த்துட்டேன். தப்பு என்னுது.”

வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு டாக்டர் தப்பு என்னுது என்று சொன்னது மட்டும் புரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

அந்த அம்மா எழுந்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

தவமணி பரிமாறி முடிக்கிறவரைக்கும் வயிரவன் வேப்பமரத்தடியில் நின்றார். முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று இருவருமே வைத்துக்கொண்டார்கள்.

“உங்க வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே நெஞ்சுவலி வந்திருக்காம்மா?” என்று கேட்டார் வயிரவன்.

“அப்பா நாப்பத்தோரு வயசுல போனாங்க. அண்ணன் முப்பத்தாறுல. அண்ணனுக்கும் இதே மாதிரி கையில முண்டு இருக்கும்.”

“மூணு வருஷத்துல இதை நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்க கேட்டதெல்லாம் நான் என்ன தின்னேன்னுதான் சார்.”

வயிரவன் தலையை ஆட்டினார். 

“இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம். நெஞ்சையும் ஒருதடவை நல்லாப் பரிசோதிக்கணும், ஏற்பாடு பண்றேன். பிள்ளைங்க?”

“ஒரே பொண்ணு. ரோகிணி. ஒம்பது வயசு.” அவள் கை துடைப்பதை நிறுத்தினாள். “அவளுக்கும் இருக்குமா சார்?”

“பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. இருந்தாலும் பயமில்ல, இப்பவே தெரிஞ்சா அவ நல்லா இருப்பா.”

மறுநாள் ரோகிணிக்கு ரத்தம் எடுத்தார்கள். அதற்கு மறுநாள் சீட்டு வந்தது. வயிரவன் அதைக் கிளினிக்குக்கு வெளியே, வாசலுக்கே எடுத்துக்கொண்டு வந்தார்.

“நூத்தி அம்பத்தெட்டு. உங்க பொண்ணுக்கு இல்ல.”

முக்காலி போட்டுக் காவல் இருந்தபோதும் கையைத் தாழ்த்தாமல் வேலை பார்த்த தவமணி, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரோகிணி அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, டாக்டரை முறைத்தாள்.

*

நான்கு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு இருநூற்று இருபதுக்கு இறங்கியது. நெஞ்சுப் பரிசோதனையில், பயப்படும்படி எதுவும் இல்லை என்றார்கள்.

“தேங்காய்ச் சட்னி சாப்பிடலாமா சார்? மூணு வருஷமாத் தொடல.”

“அளவாச் சாப்பிடுங்க.”

“அளவுன்னா?”

வயிரவன் யோசித்தார். “எவ்வளவு சாப்பிட்டா நல்லா இருக்கோ, அதுல கொஞ்சம் கம்மியா.”

தவமணி சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

“இன்னொண்ணு கேக்கணும் சார். என் தோலு எங்க இருக்கு? நான் அதைப் பார்க்கணும்.”

சனிக்கிழமை அவர் காரிலேயே அழைத்துக்கொண்டு போனார். வழி நெடுக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். சவ்வு, கதவு, காத்திருக்கும் புரதம், அதை வெட்டுகிற அறை, இரண்டு உத்தரவு. எல்லாவற்றையும் எளிமையாக, அவளுக்குப் புரிகிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கணக்கு வாத்தியார் கேட்டால்கூட இன்றைக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல அவரால் முடியும்.

ஆய்வக வாசலில் தவமணி செருப்பைக் கழற்றினாள். வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்த வயிரவன் பேசாமல் இருந்துவிட்டார். ஜெய்னம்பு எழுந்து வந்து, தம் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

வயிரவன் செல்களை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்து மஞ்சள் மூடிக் குப்பியை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தார்.

“ஒரு கண்ணை மூட வேணாம். ரெண்டையும் திறந்தே பாருங்க.”

தவமணி குனிந்து பார்த்தாள்.

“ஐயோ” என்றாள் மெதுவாக. “அயிரை மீன் கூட்டமாட்டம் இருக்கு. இதெல்லாம் நானா?”

“நீங்கதான்.”

“உசுரோடயா இருக்கு?”

“உசுரோடதான் இருக்கு.”

வயிரவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒத்திகை பார்த்ததை ஆரம்பிக்க இதுதான் சமயம்.

“இப்ப நீங்க பார்க்கற ஒவ்வொண்ணுக்கும் வெளியில ஒரு சவ்வு...”

“சார்” என்றாள் தவமணி, கண்ணை எடுக்காமல். “இதுங்க சாப்பிட்டுச்சா?”

வயிரவன் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார்.  ஜெய்னம்பு தவமணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் இல்லம்மா” என்றார் வயிரவன்.

தவமணி எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“கை கழுவணும் சார். குழாய் எங்க இருக்கு?”